தென்வானத்தின் பழுப்பு முகில்கள்

தனுசுவுக்குத் தெற்கே இருக்கும் சிறிய விண்மீன் மண்டலம் தென் மகுடம். ஊர் வெளிச்சம் எட்டாத ஓரிடத்தில், அகலமாக வானத்தைப் பிடிக்கும் ஒரு சிறு தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி, இரவு முழுக்க ஒளி சேர்த்து எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். வடக்கு மேலே இருக்கும்படி வைத்தால், வலது மேற்புறத்தில் என்.ஜி.சி. 6723 என்ற கோளக் கொத்து தெரியும். சுமார் 28,000 ஒளியாண்டுக்கு அப்பால் திரண்டிருக்கும் முதிய விண்மீன்களின் கூட்டம் அது. அதற்கு அரைப் பாகை தள்ளி நீலமாக ஒளிரும் சில திட்டுகள். அங்கிருந்து இடது கீழ்ப்புறமாக நகர்ந்தால் விண்மீன்கள் சட்டென்று குறைகின்றன. சில இடங்களில் அறவே இல்லை.

தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு அந்த இடம் வெறுமை. ஆனால் நல்ல படத்தில் அது கறுப்பாக இல்லை. பால் குறைத்துப் போட்ட தேநீரின் நிறத்தில் மெல்லிய பழுப்பு படர்ந்திருக்கிறது. அதில் மடிப்புகள் இருக்கின்றன, கிழிந்த விளிம்புகள் இருக்கின்றன, நூல் போல நீளும் இழைகள் இருக்கின்றன. இருள் நெபுலா என்று புத்தகங்கள் பெயரிட்டிருக்கும் பொருள் உண்மையில் ஒளி வீசிக்கொண்டிருக்கிறது. அந்த ஒளி மிக மிகக் குறைவு என்பதுதான் விஷயம். அதைப் படமாக்குவது வானப் படப்பிடிப்பிலேயே மிகக் கடினமான வேலை என்பேன். மிக நேர்மையும் கேட்கும் வேலை.

முதலில் அந்த முகில் என்ன என்று பார்த்துவிடலாம். அதன் நிறையில் ஏறத்தாழ 99 விழுக்காடு வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஹீலியமும். மீதி ஒரு விழுக்காடுதான் தூசு. தூசு என்றால் நம் வீட்டுத் தூசு அல்ல. சிலிக்கேட்டும் கரிமமும் சேர்ந்த, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவிலான துகள்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு என்பதால் அந்த ஒளியை மறிப்பதில் இவற்றுக்கு இணையில்லை. பின்னாலிருந்து வரும் விண்மீன் ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகின்றன, இன்னொரு பங்கைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. நீல ஒளி அதிகம் அடிபடும், சிவப்பு ஓரளவு தப்பிவரும், அகச்சிவப்பு பெருமளவு ஊடுருவும். அதனால்தான் முகிலின் ஓரத்தில் தப்பித் தெரியும் விண்மீன்களெல்லாம் செம்மஞ்சளாக இருக்கின்றன. முகிலின் உள்ளே வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் 10 கெல்வின் அளவுதான்.

ஒபியூகஸ் மண்டலத்தில் இருக்கும் பர்னார்டு 68 இதற்குச் சிறந்த சான்று. அரை ஒளியாண்டு அகலமே உள்ள சிறு கருமுகில். சிலியில் உள்ள ஐரோப்பிய தென்வான ஆய்வகத்தின் தொலைநோக்கிகளால் ஜோவா அல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் அதை அகச்சிவப்பில் படமெடுத்து, அதற்குப் பின்னால் இருந்த ஏறத்தாழ 3,700 விண்மீன்களின் நிறம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வு, முகிலின் எந்தப் பகுதியில் எவ்வளவு தூசு இருக்கிறது என்பதை உள்ளும் புறமுமாகக் காட்டியது. மொத்த நிறை இரண்டு சூரியன் அளவு. தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கும் விளிம்பில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் அதன் நடுவில் ஒரு விண்மீன்கூட இல்லை.

அப்படியானால் பழுப்பு எங்கிருந்து வருகிறது? சிதறடிப்பது என்று சொன்னேனே, அதில் விடை இருக்கிறது. முகிலைச் சுற்றிலும் பால்வீதியின் கோடானுகோடி விண்மீன்கள். அவை அனைத்தின் ஒளியும் எல்லாப் பக்கமிருந்தும் அதன்மேல் விழுகிறது. அதில் ஒரு சிறு பங்கு துகள்களில் பட்டுச் சிதறி நம்மை நோக்கித் திரும்புகிறது. மெல்லிய ஓரங்களில் அது நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும், தடித்த இடங்களில் பழுப்பாகவும் பதிவாகிறது. பக்கத்தில் ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தால் அதன் ஒளியே மற்றவற்றை வென்று அந்த இடம் மட்டும் பளிச்சென்ற நீலமாகிவிடும். தென் மகுடத்தின் நீலத் திட்டுகள் இப்படிப் பிறந்தவைதான். அவற்றின் அருகில் உள்ள என்.ஜி.சி. 6729 என்ற சிறு நெபுலா இன்னும் வியப்பானது. ஆர் கொரோனே ஆஸ்திரேலிஸ் என்ற இளம் விண்மீனை ஒட்டிய தூசுத் திரள்கள் நெபுலாவின்மேல் நிழல் வீழ்த்துவதால், சில வாரங்களிலேயே அதன் வடிவம் மாறுகிறது. ஜூனில் எடுத்த படமும் ஆகஸ்டில் எடுத்த படமும் ஒன்றாக இருக்காது.

தென் சிலுவையை ஒட்டிய பெரிய கருந்திட்டைப் பலரும் அறிவார்கள். கோல்சாக், அதாவது கரிமூட்டை, என்று மாலுமிகள் அழைத்தது. சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அது வானத்தில் 7 பாகை நீளமும் 5 பாகை அகலமும் கொண்டது. வெறுங்கண்ணுக்கு அதைவிடக் கறுப்பான இடம் வானத்தில் இல்லை. ஆனால் 1970இல் பின்லாந்து வானியலாளர் கலேவி மத்திலா அளந்து பார்த்தபோது, சுற்றியுள்ள பால்வீதியின் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்கும் இருப்பது தெரிந்தது. நம் கண்ணுக்குக் கறுப்பாகப்படுவது பக்கத்து வெளிச்சத்தால் வரும் மயக்கமே.

ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களுக்கு இந்தக் கருமை வெறுமையாக இருந்ததே இல்லை. கரிமூட்டை ஈமு பறவையின் தலை. கழுத்து ஆல்பா, பீட்டா சென்டாரி விண்மீன்களின் வழியே இறங்கும். உடல் விருச்சிகத்தின் பக்கம் பருத்திருக்கும். கமிலராய் மக்கள் அந்த ஈமு வானில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து, தரையில் ஈமு முட்டையிடும் பருவத்தைச் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் அதே பகுதியில் ஒரு லாமாவைக் கண்டார்கள். ஆல்பா, பீட்டா சென்டாரி இரண்டும் அதன் கண்கள். விண்மீன்களைக் கோடுபோட்டு இணைக்காமல், இருட்டையே உருவமாகக் கண்ட இந்த மரபுகள் தென்னரைக்கோளத்தில் செழித்ததில் வியப்பில்லை. அங்கே குளிர்கால இரவுகளில் பால்வீதியின் மையம் தலைக்கு மேலே நிற்கிறது.

ஐரோப்பிய வானியலுக்கு இந்த இருட்டின் தன்மை புரிய நெடுங்காலம் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகத்தில் விண்மீனற்ற ஓர் இடத்தைக் கண்டு, வானத்தில் ஓட்டை இருக்கிறது என்றார். அவர் தங்கை கரோலின் அதை மறக்கவில்லை. அண்ணன் மகன் ஜான் ஹெர்ஷல் 1834இல் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய்த் தென்வானத்தை ஆராயத் தொடங்கியபோது, விருச்சிகத்தை நன்றாகப் பார்க்கும்படி கடிதம் எழுதினார். அத்தைக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஜான் பார்த்தார், வெற்றிடங்களைக் குறித்துக்கொண்டார். காரணம் அவருக்கும் விளங்கவில்லை.

விளங்கவைத்தது கேமரா. சிட்னி ஆய்வகத்தில் ஹென்றி சேம்பர்லெய்ன் ரஸ்ஸல் 1890இல் தென்வானப் பால்வீதியையும் மகெல்லன் முகில்களையும் கண்ணாடித் தட்டுகளில் பதித்தார். ஆனால் இந்தக் கதையின் நாயகர் அமெரிக்கரான எட்வர்ட் எமர்சன் பர்னார்டு. நாஷ்வில் நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதில் ஒரு புகைப்படக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சூரிய ஒளியால் படங்களைப் பெரிதாக்கும் ஒரு பெரிய கருவி அங்கே இருந்தது. சூரியன் நகர நகர அதைக் கையால் திருப்பிக்கொண்டே இருப்பது அந்தச் சிறுவனின் வேலை. பிற்காலத்தில் இரவெல்லாம் வழிகாட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு விண்மீனைக் குறுக்குக் கம்பிகளின் நடுவே விலகாமல் பிடித்துவைத்து, மணிக்கணக்கில் ஒரே தட்டில் ஒளி சேர்த்தவர் அவர்.

பர்னார்டும் முதலில் அவற்றை ஓட்டைகள் என்றே நம்பினார். பல ஆண்டுகள் இரு மனதாக இருந்தார். 1913ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு, தனுசுவின் ஒளிமிக்க விண்மீன் திரள்களின் முன்னால் சின்னஞ்சிறு மேகத் துணுக்குகள் மிதந்துபோனதைக் கண்டார். நம் பூமியின் மேகங்கள்தான். ஆனால் அந்த வெளிச்சத்தின் முன் அவை மைத்துளிகள்போல, தாம் தட்டுகளில் கண்ட கருந்திட்டுகளைப்போலவே இருந்ததை அவர் எழுதிவைத்தார். 1919இல் 182 கருந்திட்டுகளின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் பல ஒளியை மறைக்கும் பொருள்களே என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். 1923இல் அவர் இறந்த பிறகு, 1927இல் வெளியான அவருடைய பால்வீதி நிலப்படத் தொகுதியில் அச்சடித்த படங்கள் இல்லை. புகைப்படத்தாளில் எடுத்த நேரடிப் பிரதிகளையே ஒட்டினார்கள். ஏறத்தாழ 50 படங்கள், தொகுதியின் 700 படிகள். முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பிரதிகளை உயிரோடிருந்தபோது அவரே ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். அச்சு இயந்திரம் இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைத் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1923இல் ஜெர்மனியின் மாக்ஸ் வுல்ஃப் கருந்திட்டின் உள்ளும் வெளியும் விண்மீன்களை எண்ணி ஒப்பிடும் முறையைத் தந்தார். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் 100 விண்மீன் கொத்துகளை ஆராய்ந்து, விண்மீன்களுக்கு இடையே ஒளியை மங்கச்செய்யும் பொருள் பரவியிருப்பதை உறுதிசெய்தார். ஓட்டை என்ற கருத்து அத்தோடு முடிந்தது.

தென்வானத்தின் கருமுகில்கள் வடக்கில் உள்ளவை போலப் பெயர் பெறாததற்கு ஒரு காரணம் உண்டு. பெவர்லி லிண்ட்ஸ் 1962இல் வெளியிட்ட பெரும் பட்டியல் கலிபோர்னியாவின் பாலமார் தட்டுகளிலிருந்து உருவானது. அந்தத் தட்டுகள் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 33 பாகை வரைதான் எட்டின. அதற்குக் கீழே இருந்தவற்றை ஆஸ்திரேலியாவில் எடுத்த தட்டுகளில் தேடி, 1986இல் ஹார்ட்லியும் உடனுழைத்தவர்களும் 1,101 முகில்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் எண் மட்டுமே பெயர்.

அவற்றில் படக்காரர்கள் திரும்பத் திரும்பத் தேடிப்போகும் இடங்கள் சில உண்டு. தென் மகுடம், சுமார் 500 ஒளியாண்டு. ஓநாய் மண்டலத்தின் முகில்கள், ஏறத்தாழ அதே தொலைவு. தென் சிலுவைக்குக் கீழே ஈ மண்டலத்தில் 3 பாகை நீளத்துக்கு ஓடும் ஒரு கருங்கோடு. துருவத்தை நெருங்கிப் பச்சோந்தி மண்டலத்தின் மூன்று முகில்கள், 600 ஒளியாண்டை ஒட்டி. இவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பது தற்செயல் அல்ல. கையா விண்கலம் தந்த விண்மீன் தொலைவுகளை வைத்து கேத்தரின் ஸக்கர் குழுவினர் 2022இல் காட்டியது இது: நம் சூரியன் இப்போது சுமார் 1,000 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு குமிழியின் உள்ளே இருக்கிறது. ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பதினைந்து சூப்பர்நோவாக்கள் அளவில் அடுத்தடுத்து வெடித்து, வாயுவையும் தூசையும் வெளியே தள்ளிக் குவித்தன. அந்தக் குமிழியின் தோலில்தான் இந்த முகில்கள் இருக்கின்றன. ஆக, பச்சோந்தியையும் தென் மகுடத்தையும் படமெடுப்பவர் ஒரே சுவரின் வெவ்வேறு இடங்களைப் படமெடுக்கிறார்.

ஈ மண்டலத்துக் கோடு பற்றி ஒரு சர்ச்சை உண்டு. அது இழையா, தகடா? 2018இல் டிரிட்சிஸ், டஸ்ஸிஸ் என்ற இருவர் அந்த முகிலின் ஓரத்தில் வரிவரியாக ஓடும் மெல்லிய கோடுகளை ஆராய்ந்தார்கள். அவை காந்தப்புலத்தோடு இணைந்த அதிர்வுகள் என்று கொண்டு, அதிலிருந்து முகிலின் மூன்றாவது பரிமாணத்தைக் கணக்கிட்டார்கள். நாம் காண்பது ஒரு தகட்டின் விளிம்பை என்பது அவர்கள் முடிவு. பின்னர் வந்த வேறு ஆய்வுகள், இல்லை, அது இழையேதான் என்று வாதிடுகின்றன. எது சரியானாலும், ஒரு வானப்படத்தில் தெரியும் மங்கலான வரிகளிலிருந்து முகிலின் ஆழத்தைக் கேட்க முடிந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி படமெடுக்கும் வேலைக்கு வருவோம். வானியலாளர்கள் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற அளவால் சொல்வார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். 5 எண் கூடினால் ஒளி நூறில் ஒன்றாகிவிடும். பரவிக்கிடக்கும் பொருளுக்கு வானத்தின் ஒரு சதுர வில்நொடிக்கு எவ்வளவு என்று கணக்கு. ஊர் வெளிச்சமே இல்லாத, நிலவும் இல்லாத இரவில்கூட வானம் முழுக்கறுப்பு இல்லை, அதன் அளவு ஏறத்தாழ 22. நாம் தேடும் தூசின் ஒளியோ 25 முதல் 27 வரை. 25 என்றால் வானத்தின் ஒளியில் பதினாறில் ஒரு பங்கு. 27 என்றால் நூறில் ஒரு பங்கு. ஆக, படத்தில் பதிவாகும் ஒளியில் மிகப் பெரும்பகுதி நமக்கு வேண்டாத வான ஒளி. அதன்மேல் ஒரு விழுக்காடு ஏற்ற இறக்கமாக நமக்கு வேண்டியது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒளி துகள்துகளாக வருவது. அதனால் வான ஒளியே ஓர் இரைச்சலைத் தருகிறது. இரைச்சலோடு ஒப்பிட முகிலின் குறி இரண்டு மடங்கு தெளிவாக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். வானம் 4 பொலிவெண் வெளிச்சமாக, அதாவது 18 அளவில் இருந்தால், அது நாற்பது மடங்கு ஒளி. பெருநகர வானம் அப்படித்தான் இருக்கும். முழுநிலவு இரவும் அப்படியே. நல்ல இருளில் 10 மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவுக்கு அங்கே 400 மணி நேரம் வேண்டும். கணக்கு இப்படிச் சொன்னாலும் நடைமுறையில் அதுவும் போதாது. ஊர் வெளிச்சம் சீராக விழுவதில்லை. ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் படத்தின் குறுக்கே சரியும்.

நகரத்திலிருந்து நெபுலா எடுப்பவர்கள் குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடும் வடிகட்டிகளைப் பயன்படுத்துவது உண்டு. ஹைட்ரஜனின் சிவப்பை உமிழும் ஒளிநெபுலாவுக்கு அது அருமையாக வேலை செய்யும். தூசு முகிலுக்குச் சிறிதும் உதவாது. முகில் தருவது விண்மீன் ஒளியின் எதிரொளி. நீலம் முதல் சிவப்பு வரை எல்லா அலைநீளத்திலும் பரவியது. வடிகட்டினால் முகிலும் சேர்ந்தே போகும். இருளைத் தேடிப் பயணம் போவதைத் தவிர வேறு வழியே கிடையாது. நமீபியாவின் பாலைவனப் பண்ணைகள், சிலியின் அட்டகாமா, ஆஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தை ஒட்டிய வாரம்பங்கிள் இருள்வானப் பூங்கா ஆகியவை இந்தப் படங்களின் பிறப்பிடங்களானது இதனால்தான். மகர ரேகையை ஒட்டிய இடங்களில் ஜூன் மாதத்தில் முழு இருட்டு மட்டுமே பத்து மணி நேரத்துக்கும் மேல் கிடைக்கிறது. இப்போது பலர் சிலியிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு கூடாரத்தில் தொலைநோக்கியை வைத்துவிட்டு இணையத்தின் வழியே இயக்குகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எவ்வளவு எட்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். நம் அட்சரேகை இதில் நமக்கு நண்பன். தென் மகுடம் ஜூலை, ஆகஸ்டு இரவுகளில் கன்னியாகுமரியில் 45 பாகை, சென்னையில் 40 பாகை உயரம் வரை ஏறுகிறது. மழைக்காலம் குறுக்கிடும் என்றாலும் மலைப்பகுதிகளில் முயலத் தகுந்தது. கரிமூட்டை குமரியில் 19 பாகை ஏறும். ஈ மண்டலக் கோடு 10 பாகை. பச்சோந்தியின் முதல் முகில் வெறும் 5 பாகை. அங்கே நேர்மேலே பார்ப்பதைவிடப் பத்து மடங்கு காற்றின் ஊடே ஒளி வர வேண்டும், இவ்வளவு மெல்லிய ஒளி அதில் தப்பாது. வானியலாளர் வேணு பாப்பு ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தென்வானம் அங்கிருந்து நிறையக் கிடைப்பதும் ஒரு காரணம். ஆனால் அந்த மலைகளைச் சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருப்பது என்னை வருத்துகிறது. தெருவிளக்கின் மேற்புறத்தை மூடினாலே பாதித் தொல்லை தீரும். அதைச் செய்ய ஏன் இவ்வளவு தயக்கம் என்று புரியவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை பெரிய தொலைநோக்கி தேவையில்லை. முகில்கள் பல பாகை அகலமானவை. 106 மில்லிமீட்டர் விட்டமும் 530 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள ஒரு தகாஹாஷி தொலைநோக்கி முழுச்சட்ட சென்சாரில் ஏறக்குறைய 4 பாகைக்கு 2.6 பாகை வானத்தைப் பிடிக்கும். ஈ மண்டலக் கோடு அதில் முழுதாக அடங்கும். 135 மில்லிமீட்டர் எஃப்/2 கேமரா லென்ஸ் ஒன்றை வைத்தே பச்சோந்தியின் மூன்று முகில்களையும் ஒரே படத்தில் அடக்குபவர்கள் இருக்கிறார்கள். சென்சாரைச் சுழிக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்து, ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துவது முக்கியம். இல்லாவிட்டால் சென்சாரின் சொந்தக் குறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முகில்போலவே வரிவரியாகத் தெரியும்.

தென்னரைக்கோளத்தில் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. அங்கே துருவ நட்சத்திரம் என்று சொல்லத்தக்கது இல்லை. சிக்மா ஆக்டான்டிஸ் துருவத்துக்கு ஒரு பாகை அருகில் இருக்கிறது, ஆனால் பொலிவெண் 5.4, கண்ணுக்கு அரிதாகவே தெரியும். தொலைநோக்கியைத் தாங்கும் சுழல்தளத்தின் அச்சைப் பூமியின் அச்சோடு பொருத்த, முன்பெல்லாம் மங்கலான நான்கு விண்மீன்களைத் தேடித் தடுமாறுவார்கள். இப்போது கேமராவே வானத்தைப் படித்து எவ்வளவு விலகல் என்று சொல்லிவிடுகிறது.

வெற்றியும் தோல்வியும் முடிவாவது இன்னோர் இடத்தில். எந்த லென்ஸும் நடுவில் அதிக ஒளியும் ஓரத்தில் குறைந்த ஒளியும் தரும். அதைச் சரிசெய்ய, சீராக ஒளிரும் ஒரு பலகையையோ அந்திவானத்தையோ படமெடுத்து, அதனால் வானப்படத்தை வகுக்க வேண்டும். பிளாட் என்று படக்காரர்கள் சொல்வது இதைத்தான். முகிலின் ஒளி வான ஒளியில் ஒரு விழுக்காடு என்று பார்த்தோம். பிளாட்டில் ஒரு விழுக்காடு பிழை வந்தால், படத்தில் இல்லாத முகில் ஒன்று முளைக்கும். அல்லது இருக்கும் முகில் மறையும். பிழை அதைவிடப் பல மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். சென்சாரின் மேல் விழுந்த ஒரு தூசு வட்டமே 500 ஒளியாண்டுத் தூசாக வேடமிட முடியும்.

இருண்ட பாலைவனத்திலும் வானம் தானே ஒளிர்கிறது என்பது அடுத்த சிக்கல். பகலில் சூரியனால் தூண்டப்பட்ட ஆக்சிஜன் அணுக்கள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாகவும், அதற்கு வெகு மேலே சிவப்பாகவும் ஒளிவிடும். சூரிய உச்சகாலத்தில், 2024ஐ ஒட்டிய ஆண்டுகளில் பார்த்தது போல, அது இன்னும் கூடும். அடிவானத்தை நோக்கிப் பார்த்தால் அந்த ஒளிப்படலம் தடிக்கும், அலையலையாக நகரும். எனவே முகில் உச்சியில் இருக்கும் மணிநேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே நல்லது.

இந்தச் சரிவுகளை அகற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பின்னணி என்று நாம் குறிக்கும் புள்ளிகளை வைத்து ஒரு வழுவழுப்பான பரப்பை உருவாக்கி அதைக் கழித்துவிடும். ஆனால் பச்சோந்தியைச் சுற்றிப் பின்னணி என்று ஓர் இடமே இல்லை; எங்கும் தூசு. தூசின் மேல் புள்ளி வைத்தால் மென்பொருள் தூசைக் கழித்துவிட்டு அழகான கறுப்பைத் தரும். பார்ப்பவருக்கு அது சுத்தமான படமாகத் தோன்றும். உண்மையில் வானத்தை அழித்த படம். அதேபோல விண்மீன்களைத் தனியே பிரித்தெடுக்கும் நரம்பு வலைப்பின்னல் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் உள்ளன. முகிலை மட்டும் உயர்த்திக் காட்ட அவை பேருதவி செய்கின்றன. விண்மீன் இருந்த இடத்தை அவை ஊகித்து நிரப்புகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. நெருக்கமான விண்மீன் வயலில் அந்த ஊகமே இழைபோலக் காட்சியளிக்கும்.

இந்த ஒழுக்கத்தில் நான் பெரிதும் மதிப்பவர் டேவிட் மாலின். வேதியியல் படித்த அவர் 1975இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் சேர்ந்தார். கண்ணாடித் தட்டில் மிக மங்கலான ஒளி ஒளியுணர் குழம்பின் மேற்பரப்பிலேயே பதிவாகிறது என்று கண்டு, பரவலான ஒளியால் அந்த மேற்பரப்பை மட்டும் அதிக வேறுபாடு காட்டும் படச்சுருளில் தொட்டுப் பிரதியெடுத்தார். அதுவரை எவரும் காணாத நுண்ணிய ஒளி வெளியே வந்தது. நீள்வட்ட விண்மீன் பேரடைகளைச் சுற்றியிருக்கும் ஓடுகள் அப்படிக் கிடைத்தவைதான். ஒரு தட்டில் தெரிவதை நம்பாமல், பல தட்டுகளைச் சேர்த்து, எல்லாவற்றிலும் இருப்பதை மட்டுமே உண்மை என்று கொள்வார்.

இன்று அந்தச் சரிபார்ப்புக்கு இன்னும் உறுதியான வழி உண்டு. சிதறிய ஒளியை மட்டுமின்றி, முகில் தன் சொந்த வெப்பத்தையும் வெளிவிடுகிறது, தொலை அகச்சிவப்பில். 1983இல் பறந்த ஐராஸ் செயற்கைக்கோள் வானம் முழுக்க மெல்லிய தூசிழைகள் பரவியிருப்பதை இந்த வெப்பத்தால் காட்டியது. பின்னர் 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் அதைவிடத் துல்லியமான வரைபடம் தந்தது; யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வெப்பத்தைப் பார்க்கும் அந்த வரைபடத்துக்கு நம் பிளாட்டின் பிழையும் தெரியாது, நம் ஊர் விளக்கும் தெரியாது. படத்தில் வந்த இழை அதிலும் அதே இடத்தில் இருந்தால் அது தூசுதான். இல்லையென்றால் அந்த இழையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு பிளாட்டுக்குத் திரும்புவதே முறை.

ஒப்பிடும்போது இன்னொன்றும் தெரியவரும். பிளாங்க் வரைபடத்தின் மிகச் சிறிய விவரம் 5 வில்நிமிட அகலம், அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன 530 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் ஒரு பிக்சலுக்கு ஒன்றரை வில்நொடிதான் வருகிறது. பிளாங்க் ஒரே திட்டாகக் காட்டும் இடத்தில் இந்தச் சிறு கருவி இருநூறு பிக்சல் அகலத்துக்கு விவரம் தருகிறது. முகில் எங்கே கிழிந்திருக்கிறது, எந்த இழை எதனோடு சேர்கிறது, எந்த ஓரத்தில் நீலம் தொடங்கி எந்த மடிப்பில் பழுப்பாகிறது என்பதெல்லாம் அந்த இருநூறு பிக்சலுக்குள் இருக்கின்றன.